அங்கயற்கண்ணியின் கொள்ளளவு

கணினிச் சங்கத்தின் பயிற்சி நாளுக்கு இந்த வருடம் கணினிகள் வரவில்லை. அவற்றுக்கு விடுமுறை கொடுத்திருந்தார்கள். எது எவ்வளவு வேலை தாங்கும் என்று கணிப்பதையும், திருகித் திருத்தி வேகப்படுத்துவதையும் உறுப்பினர்களை வைத்தே செய்துபார்ப்பதாக ஏற்பாடு. மதுரையில் ஒரு ஹோட்டலின் மாடிக் கூடத்தில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தலைக்கு மேலும் தனியாக ஒரு மின்விசிறி சுற்றியது. யாரும் சூடாகிவிடக் கூடாதல்லவா.

அங்கயற்கண்ணி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வங்கியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள் அவள். “உங்களுக்குக் கெப்பாசிட்டி பத்தலம்மா” என்று சொல்லித்தான் மேலாளர் அனுப்பியிருந்தார். தாங்காதவர்களை ஸ்விட்சைத் தட்டி அணைத்துவிடுவார்கள். போன வருடம் அணைக்கப்பட்ட தனசேகர், மேடையோரம் உறை போட்டு நிறுத்தப்பட்டிருந்தார். நல்ல மனிதர். ஷூ மட்டும் வெளியே தெரிந்தது. யாரோ பாலிஷ் போட்டிருந்தார்கள்.

பயிற்சியாளர் பெர்னதெத் மேடம் ஸ்க்ரூ டிரைவரோடு அவளிடம் வந்தார்.

“எதுல உங்களுக்கு நேரம் போகுது?”

“யோசிக்கிறதுல மேடம்.”

“அது யோசனை இல்ல. தயக்கம்.”

காதுக்குப் பின்னால் அரைச் சுற்று. சின்னதாக ஏதோ தரையில் விழுந்து, நாற்காலிகளுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டது.

“ஜில்லுனு இருக்கு மேடம்” என்றாள் அங்கயற்கண்ணி.

“இப்ப எப்படி இருக்கு?” என்று மேடம் பிறகுதான் கேட்டார்.

“சரி, லோடு ஏத்துங்க” என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

பக்கத்து நாற்காலி ஷாஜகான் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கொடுத்தார். உள்ளே போனது. ஓர் அம்மாள் நாத்தனார் கல்யாண வீடியோவை முழுசாகக் கொடுத்தாள். அதுவும் போனது. ஒருவர் தன் நாய்ப் பயத்தைக் கொடுத்தார். அது ஒரு மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டது.

“இன்னும் எடம் இருக்கு” என்றாள். அவளுக்கே ஆச்சரியம்.

“நானே வரட்டுமாக்கா?” என்றார் ஷாஜகான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

“உள்ள எப்படிய்யா?” என்று மேடம் குனிந்து கேட்டார்.

“நல்ல காத்தோட்டம் மேடம்! வாங்க!”

அதன்பிறகு வரிசை நிற்கவில்லை. ஆளுக்கு ஆள் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. விலா நோகச் சிரித்தாள். கடைசியாக மேடம் மைக்கோடு ஏறினார். “தேறிட்டீங்க” என்ற அறிவிப்பு அவள் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது.

கூடத்தில் தனசேகர் மட்டும் நின்றார். அவரை ஏற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவள் உறையை விலக்கி அவரையும் எடுத்துக்கொண்டாள். அணைந்த ஆள் கனம் அதிகம். முதல்முறையாக மூச்சு முட்டியது. கண் இருட்ட, கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்கிட்டுத் தள்ளுங்கண்ணே, அவரு உக்காரட்டும்” என்றது உள்ளே ஒரு குரல்.

நாற்காலிகள் நகர்ந்தன. டக்கென்று ஸ்விட்ச் போட்டதுபோல் ஒரு சத்தம்.

“காபி இருக்கா?” என்றார் தனசேகர்.

உள்ளே விசில் பறந்தது. அங்கயற்கண்ணி படிக்கட்டில் சுற்றிச் சுற்றி ஆடியபடி இறங்கினாள்.

தெருமுனையில் பேருந்து வந்து நின்றது. படியிலும் ஆள். “எடமில்லம்மா, அடுத்த வண்டில வாங்க” என்றார் கண்டக்டர்.

“அப்ப நீங்க ஏறிக்கங்கண்ணே.”

கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். விசில் கொடுத்தார். பேருந்து கொஞ்சம் பின்னால் போய், ஒடித்து, கச்சிதமாக ஏறிக்கொண்டது.

வைகைப் பாலத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. அவளுக்கு விக்கல் எடுத்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் ஹாரன் அடித்தது. முன்னால் போன ஆட்டோக்கள் ஒதுங்கி வழிவிட்டன. ஓடலாம் போலிருந்தது. ஓடினாள்.

அக்கரையில், நிறுத்தத்தில் நின்றவர்கள் அவளைப் பார்த்துக் கை காட்டினார்கள்.

அங்கயற்கண்ணி நிறுத்தத்தைத் தாண்டிப் போய்க் கொஞ்சம் தள்ளி நின்றாள். பைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடி வந்தார்கள்.