ஒன்று தசம் எட்டு

1
இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. கந்தப்பளையில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த கிஷாந்த் சொன்னது. எழுதலாமா என்று கேட்டேன். "பேர மட்டும் மாத்திருங்க" என்றார். மாற்றிவிட்டேன்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நகரத்தின் பழைய குழாய்கள் மண்ணுக்கடியில்…'

வேண்டாம். ஆனால் இவ்வளவாவது சொல்லவேண்டும். பழைய குழாய் எங்காவது வெடித்து அழுத்தம் குறைந்தால், கட்டடத்துக்குள் போன தண்ணீர் ஊர்க்குழாய்க்கே திரும்பிவிடும். பூந்தோட்டத்து மருந்துத் தொட்டியில் ஹோஸ் கிடந்தால் மருந்தும் கூடவே வரும். அதைத் தடுக்க ஒரு வால்வு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை அதைச் சோதிப்பது கிஷாந்தின் வேலை.

3
கந்தப்பளையில் ஒரு விடுதி. அங்கே வரவேற்பு மேசையில் இருப்பவர் தனுஷிகா.* கிஷாந்தின் கை ஈரமாக இருக்கும் என்பதால், மூன்று வருடமாக அவர்தான் சோதனைப் படிவத்தை நிரப்புகிறார். வருடத்துக்கு இருபது நிமிடம்.

(*எப்படி இருப்பார் என்று கேட்டேன். "எழுத்து அழகா இருக்குங்க" என்றார். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.)

பஸ் ஏறிய அன்று காலையும் அப்படித்தான்.

"எத்தன போடட்டுங்க?"

"ஒன்னு தசம் எட்டு."

அழுத்தமானி காட்டிய அளவு அது; ஒன்றுக்குக் கீழே போனால் வால்வு தேறாது. பழுது பார்த்து, மறுவாரமே வந்து திரும்பச் சோதிக்கவேண்டும். கையொப்பமிடக் குனிந்தபோது கிஷாந்த் பார்த்தார். தசம் எட்டு (.8) என்று மட்டும் இருந்தது.

"ஒன்ன விட்டுட்டீங்க."

தனுஷிகா பேனாவை நீட்டினார். "நீங்களே போட்டுக்கங்க."

கிஷாந்த் ஒன்றைப் போட்டார்.

"அப்ப இனி அடுத்த வருசந்தானே?" என்று கேட்டார் தனுஷிகா.

"ஆமாங்க."

4
இங்கே நான் ஒரு தவறு செய்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

"இதுக்கு முன்னாடி அவங்க பிழையா எழுதியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

கிஷாந்த் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டியது.

"இல்லங்க" என்றார். "ஒரு தடவகூட இல்ல."

5
முடிவு அ: அடுத்த தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பி ஓடினார். (அடித்துவிட்டேன். அவர் இறங்கவில்லை.)

முடிவு ஆ: அடுத்த வருடம்… (அவ்வளவு நாளை என்னால் எழுத முடியாது.)

நடந்தது இது. நுவரெலியாவில் இறங்கினோம். "வால்வு நல்லா இருக்கு. என்னத்தச் சொல்லிட்டுப் போறது?" என்று கேட்டார். எதிரே ஒரு பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் "கந்தப்பளை, கந்தப்பளை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கிஷாந்த் பையைத் தோள் மாற்றினார். அதற்குள் நான் மாறி ஏறிய ஹட்டன் பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

நீங்கள் அப்போது அங்கே நின்றிருந்தால், அவர் ஏறினாரா என்று சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்.