சொம்பில் மிச்சம்

சூலூர்ப் பொற்கொடி கடலையே பார்த்ததில்லை. அவளுடைய தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஜெரோமும் ரூபனும் முன்பு மீனவர்கள். ஆளுக்கொரு முறை கடலில் திசை தெரியாமல் போய்ப் பிழைத்தவர்கள். ஜெரோம் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி மிதந்தான். ரூபன் எஞ்சின் நின்ற படகில் மழைக்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்தான்.

"ஏனுங்க, ரெண்டுல யாரு பாடு பெரும்பாடுங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"என் பாடுதான்!" என்று இருவரும் சண்டைக்கே நின்றார்கள்.

"செரி உடுங்க, முதல்ல தண்ணி குடிங்க," என்று சொம்பை நீட்டினாள். இருவரும் குடித்து முடித்ததும், அடியில் மிஞ்சியதை வழக்கம்போல வாசலில் வீசப் போனாள்.

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் பாய்ந்து சொம்பைப் பிடித்தன.

அந்த ஒரு வாய்த் தண்ணீரில் பொற்கொடி முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள்.