மூன்றாவது பெயர்

காகிதத்தில் ஏழு பெயர்கள் இருந்தன. ஏழு மருத்துவர்கள், ஏழு முகவரிகள், ஏழு தொலைபேசி எண்கள். அவ்வளவுதான். எந்தப் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குறிப்பும் இல்லை.

"இதுல யாருடி செய்வாங்க?" என்று கேட்டாள் ஷெல்பி.

"இவங்க எல்லாருமே கர்ப்பிணிகளைப் பார்க்கற டாக்டருங்க, மேடம். உங்களுக்கு விருப்பமானவங்களை நீங்களே தொடர்பு கொள்ளலாம்" என்றாள் நர்ஸ் டார்லா. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கும் குரல்.

மேடமா! ஷெல்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேரும் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுத்து, சேர்ந்து வாந்தி எடுத்தவர்கள். ஷெல்பியின் இரண்டு மகள்களுக்கும் தடுப்பூசி போட்டது டார்லாதான்.

சிரிப்பு பாதியில் நின்றது. டார்லா கண்ணால் கதவைக் காட்டினாள். கதவு திறந்திருந்தது. எதிர் அறையில் மேலாளர் மிசஸ் ஹேவர், கணினியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் வாஷிங்டனிலிருந்து புது விதி வந்திருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று அரசு தரும் பணத்தில் நடக்கும் மருத்துவமனைகள் கருக்கலைப்புக்கு யாரையும் எங்கேயும் அனுப்பக் கூடாது. நோயாளி தானாகக் கேட்டால் ஒரு பட்டியல் தரலாம். அந்தப் பட்டியலிலும் செய்யாதவர்கள்தான் அதிகம் இருக்க வேண்டும். செய்கிறவர் எவர் என்று வாயால் சொல்லக் கூடாது, பேனாவால் காட்டக் கூடாது. மீறினால் பணம் நின்றுவிடும். டன்மோர் கவுண்டி என்ற அந்த மாவட்டத்தின் சுகாதார நிலையத்தில் டார்லாவையும் சேர்த்து ஆறு பேருக்கு அதுதான் சோறு.

ஷெல்பிக்கு ஏழு வாரம். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை. கணவன் ரஸ்ஸல் வடக்கு டகோட்டாவில் குழாய் பதிக்கிறான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருவான். இரண்டு பெண்கள் போதும் என்று சின்னவள் பிறந்த அன்றே இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள். சோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்ததும் அவள் ரஸ்ஸலைக் கூப்பிட்டாள். "உன் உடம்பு, நீ சொல்றதுதான்" என்றான் அவன். துணி துவைக்கும் கடையில் ஒரு சுற்று முடிவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். அவளுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. எங்கே போவது என்பது மட்டும்தான் தெரியவில்லை.

டார்லா காகிதத்தை மேசையில் திருப்பி வைத்தாள். பேனாவின் மூடிய முனையால் ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

மூன்றில் அவளுடைய இடது கட்டைவிரல் கல்யாண மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது.

ஷெல்பி நிமிரவில்லை. நிமிரக் கூடாது என்பது பதினோரு வருடப் பழக்கம். வியாழக்கிழமைதோறும் தீயணைப்பு நிலையக் கூடத்தில் யூக்கர் சீட்டாட்டம் நடக்கும். இரண்டிரண்டு பேர் ஜோடி, ஜோடிகள் எதிரெதிரே. ஆட்டம் தொடங்கிவிட்டால் ஜோடியிடம் பேசக் கூடாது. ஆனால் அந்த ஊரில் திருட்டுச் சைகை இல்லாத ஜோடியே கிடையாது. பாதிரியாரும் அவர் மனைவியும்கூட இருமுவார்கள். டார்லா மோதிரத்தைச் சுற்றினால், 'பெரிய ஜாக் சீட்டு என்கிட்ட இருக்கு, துணிஞ்சு இறங்கு' என்று பொருள். அதை நம்பி இறங்கி ஷெல்பி ஒருநாளும் தோற்றதில்லை.

"ரொம்ப நன்றி, மேடம்" என்று அவளும் ஒப்பித்துவிட்டு எழுந்தாள். வண்டியில் ஏறியதும் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். வாயைக் கட்டினால் என்ன, டார்லாவுக்கா வழி தெரியாது!

மூன்றாவது பெயர், நாற்பது மைல் தள்ளியிருந்த வில்லோ பெண்ட் மகளிர் மருத்துவமனை. போனில் பேசியவள் பெயர் ஐவி. தேன் குரல்.

"கர்ப்பமா இருக்கேன். வேண்டாம்னு இருக்கேன். அங்க செய்வீங்களா?"

"அதெல்லாம் போன்ல பேசறதில்லை கண்ணு. நேர்ல வா. டாக்டர் எல்லா வழியும் பொறுமையா சொல்லுவார்."

வேறு யாராவது இப்படி மழுப்பியிருந்தால் ஷெல்பி போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டிருப்பாள். ஆனால் மோதிரம் சுற்றியிருந்ததே. பாவம், இவர்களும் பயந்து நடத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அன்று இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். டாக்டர் அறுவை அறையில் இருந்தார். அடுத்த வாரம் ஸ்கேன். ஸ்கேன் எடுத்த பெண் கேட்காமலே திரையைத் திருப்பி, இதயத் துடிப்பின் ஒலியையும் கூட்டி வைத்தாள். ஷெல்பி சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிவை டாக்டர்தான் சொல்வார். ஆனா அவர் மீன் பிடிக்கப் போயிருக்கார், அடுத்த செவ்வாய் வந்துடுவார்" என்றாள் ஐவி.

நடுவில் வந்த வியாழக்கிழமைகளில் டார்லா எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிப் போகுது?" சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்பாள்.

"இழுக்கறாங்க. அடுத்த செவ்வாயாம்."

"அவசரப்படாதே ஷெல். நல்லா யோசிக்கவும் நேரம் கிடைக்கும் இல்ல."

"யோசிக்க என்ன இருக்கு? சீட்டைப் போடு."

மூன்று வியாழக்கிழமை. மூன்று தடவையும் இதே பேச்சு.

நான்காவது செவ்வாய் டாக்டரைப் பார்த்தாள். வெள்ளை முடி, மென்மையான கை. பத்து வாரம் நான்கு நாள் என்று கணக்குச் சொன்னார். குழந்தை நன்றாக இருக்கிறது என்றார்.

"டாக்டர், நான் கலைக்கத்தான் வந்தேன். முதல் நாளே சொல்லியிருக்கேன்."

"அம்மா, நாங்க அதைச் செய்யறதில்லையே. இந்த மருத்துவமனை திறந்து முப்பது வருஷமாச்சு, ஒருநாளும் செஞ்சதில்லை. பிரசவம் பார்க்கறோம், தத்துக் கொடுக்கவும் ஏற்பாடு பண்றோம்."

ஷெல்பி வெளியே வந்தாள். ஐவியின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப கவுண்டி லிஸ்டுல உங்க பேர் எப்படி வந்துச்சு?"

"பிரசவம் பார்க்கறவங்கன்னுதான் கண்ணு. மே மாசம் அங்கேர்ந்து ஒரு நர்ஸ் போன் பண்ணா. டார்லான்னு பேரு. கலைப்பு செய்வீங்களா மாட்டீங்களான்னு ஒவ்வொரு இடமாக் கேட்டு எழுதிக்கிட்டிருந்தா. மாட்டவே மாட்டோம்னு நான்தானே சொன்னேன்!" ஐவி பெருமையோடு சொன்னாள்.

சனிக்கிழமை காலை டார்லாவின் சமையலறை முழுக்கத் தக்காளி வாசனை. குளிர்காலத்துக்காகப் பெரிய பானையில் கண்ணாடி ஜாடிகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஷெல்பி கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தாள்.

"மூணாவது பேருல மோதிரத்தைச் சுத்தினியா இல்லையா?"

டார்லா கையில் இருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். "மிசஸ் ஹேவர் கதவு திறந்திருந்துச்சு. நீயும் பார்த்தே. ஏதாவது சொல்லியிருந்தா என் வேலை..."

"சொல்லலைன்னு நான் உன்னைக் கேட்கலை. சுத்தினியா?"

ஜாடிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

"சுத்தினேன்."

"அவங்க செய்ய மாட்டாங்கன்னு தெரிஞ்சே?"

"தெரிஞ்சுதான்." டார்லா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்தாள், ஈரமே இல்லாத கையை. "அங்க ஸ்கேன் காட்டுவாங்கன்னு தெரியும். பார்த்தா உனக்கு மனசு மாறும்னு நினைச்சேன். ரஸ்ஸல் ஊர்ல இல்லை, நீ தனியா இருக்கே, ஏதோ பயத்துல முடிவு பண்றேன்னு தோணுச்சு. உன் நல்லதுக்குத்தான் ஷெல்."

"என் நல்லதா? நான் பயப்படவே இல்லைடி. உன்கிட்ட வந்தப்போ கொஞ்சம்கூடப் பயப்படலை." ஷெல்பியின் குரல் உயரவில்லை. "அந்த விதி உன் வாயைக் கட்டிடுச்சேன்னு நான் உனக்காகப் பாவப்பட்டேன். நீ மோதிரத்தைச் சுத்தாம அந்த லிஸ்டை மட்டும் கொடுத்திருந்தா, ஏழு பேருக்கும் நானே போன் போட்டு ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருப்பேன். விதிகூட எனக்கு அவ்வளவு கெடுதல் பண்ணலை."

"ஷெல்..."

"மாத்திரையில முடிஞ்சிருக்கும். என் வீட்ல, என் கட்டில்ல. பத்து வாரத்துக்கு மேல மாத்திரை கிடையாதாம். இது உனக்குத் தெரியாதா, நர்ஸம்மா?"

தெரியும் என்பது டார்லாவின் முகத்திலேயே இருந்தது. அழத் தொடங்கினாள். ஷெல்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுகை முடியும்வரை காத்திருக்க அவளுக்கு நேரம் இல்லை.

"யாரு செய்வாங்க? இப்பச் சொல்லு."

டார்லா தன் வீட்டுச் சமையலறையிலும், வழக்கம்போல், கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க மிசஸ் ஹேவர் இல்லைடி."

"அஞ்சாவது" என்றாள் டார்லா. "கொலம்பஸ்."

கொலம்பஸ் இரண்டு மணி நேரப் பயணம். ஓஹையோ சட்டப்படி இரண்டு முறை போக வேண்டும். முதல்முறை பேச, குறைந்தது ஒரு நாள் கழித்துச் செய்துகொள்ள. முதல்முறை ஷெல்பி சமையற்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுத் தனியாகவே போய் வந்தாள். அங்கே யாரும் மழுப்பவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். கடைசியில் ஒன்று சொன்னார்கள்: "வெள்ளிக்கிழமை மயக்க மருந்து கொடுப்போம். வீட்டுக்கு ஓட்டிட்டுப் போக ஒருத்தர் கூட வரணும். வாடகைக் கார்ல அனுப்ப மாட்டோம்."

ரஸ்ஸல் வரத் தயாராக இருந்தான். வந்தால் திரும்பிப் போக வேலை இருக்காது. அம்மாவிடம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தேவாலயம் முழுக்கத் தெரிந்துவிடும். ஷெல்பி டார்லாவுக்குப் போன் செய்தாள்.

"வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்துட்டு வா."

"ஷெல், கவுண்டியில யாராவது பார்த்தா..."

"லீவு போடு. காய்ச்சல்னு சொல்லு. பொய் சொல்ல உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

டார்லா ஐந்து ஐம்பதுக்கே வந்துவிட்டாள். முன் இருக்கையில் போர்வையும் தண்ணீர் பாட்டிலும் தயாராக வைத்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. ஷெல்பி பின்கதவைத் திறந்து, பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"முன்னாடி வாயேன். சீட்டைச் சாய்ச்சுக்கலாம்."

"ஓட்டு."

முதல் ஒரு மணி நேரம் டார்லா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். சோளம் அறுத்த வயல்கள் போய்க்கொண்டே இருந்தன. லங்காஸ்டர் தாண்டியதும் அவள் வாயைத் திறந்தாள்.

"நான் செஞ்சது தப்புதான். ஆயிரம் தடவை வேணும்னாலும் சொல்றேன். இனிமே நீ என்கூடப் பேசவே மாட்டியா?"

"வலதுபக்கம் திரும்பணும்னு போன்ல சொல்லுது பாரு" என்றாள் ஷெல்பி.

கொலம்பஸில் மருத்துவமனைக்கு வெளியே கருக்கலைப்பை எதிர்க்கும் நான்கைந்து பேர் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெரியவர் காரின் ஜன்னலுக்கு அருகே வந்து, "தங்கச்சி, உன் தோழி உன்னை நம்பி வந்திருக்கா, அவளைக் காப்பாத்து!" என்று டார்லாவிடம் கத்தினார். ஷெல்பி தானே கதவைத் திறந்து இறங்கி, அவர்களைக் கடந்து உள்ளே போனாள். டார்லா பின்னாலேயே ஓடி வந்தாள்.

வரவேற்பு மேசையில் இருந்த இளம்பெண் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். ஷெல்பி நின்றபடியே எழுதினாள். பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை எதுவும் இல்லை, கடைசியாகச் சாப்பிட்டது நேற்று இரவு ஏழு மணி. அடியில் இன்னும் இரண்டு கட்டங்கள் இருந்தன. உடன் வந்தவர் பெயர்: டார்லா காஃப்மன். நோயாளிக்கு என்ன உறவு?

பேனா ஒரு நொடி நின்றது. தோளுக்குப் பின்னால் டார்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது ஷெல்பிக்குத் தெரிந்தது.

'டிரைவர்' என்று எழுதிப் படிவத்தைக் கொடுத்தாள்.

"நீங்க அங்க உட்காருங்க மேடம், முடிஞ்சதும் கூப்பிடறோம்" என்று அந்த இளம்பெண் டார்லாவுக்கு நாற்காலியைக் காட்டினாள். ஷெல்பி திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.