லிஃப்ட்டுக்குள் அடித்த மணி

நல்லது செய்யப்போய் மாட்டிக்கொண்டவனிடம் போய், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்காதீர்கள். கடித்து வைத்துவிடுவான். அன்றைக்கு நான் அந்த நிலைமையில்தான் கல்லூரி அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காலடியில் ஒரு துணிப்பை, ஒரு கருவிப்பை. சாயங்காலம் பஸ். பழைய மாணவர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, "என்னால இனிமே முடியாது, போறேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஏறுவதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தேன்.

என் பிழைப்பு லிஃப்ட் பழுது பார்ப்பது. படித்தது இதே கல்லூரியில்தான். மனைவியும் இங்கே படித்தவள்தான், எனக்கு ஒரு வருஷம் இளையவள். கல்லூரி நல்லபடியாக ஓடியிருந்தால் அவளும் நானும் வருஷத்துக்கு ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போயிருப்போம். அந்த வருஷம் கல்லூரிக்குப் போதாத காலம். நிர்வாகத்தில் அண்ணன் தம்பிக்குள் சண்டை, சம்பளம் நின்றது, பாடம் நடத்துகிறவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். பாதி வருஷத்தில் பார்த்தால் கரும்பலகை இருக்கிறது, எழுத ஆள் இல்லை.

பழைய மாணவர்கள் வாட்ஸப் குழு கொதித்தது. நாம் படித்த இடத்தை நாமே விட்டுவிடுவதா என்றார்கள். பேங்க்கில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர் கணக்குப் பாடம் எடுக்க வந்தார். அவரை எல்லாரும் 'பேங்க்' என்றும் என்னை 'லிஃப்ட்டு' என்றும்தான் கூப்பிடுவார்கள். என் வகுப்புத் தோழன் குண்டூசி ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள வந்தான். ஆள் இன்னமும் அதே ஒல்லி. நான் மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்கு மின் இயந்திரப் பாடம் எடுக்க வந்தேன், ஒரே ஒரு பருவத்துக்கு என்று. அந்த 'ஒரே ஒரு' எங்கே போய்ச் செத்ததோ தெரியவில்லை. ரெண்டாவது பருவமும் முடிந்துவிட்டது.

இதற்கு நடுவில் மனைவிக்கு வேறு ஊரில் வேலை மாற்றல் வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கும் அங்கேயே ஒரு கம்பெனியில் சொல்லிவைத்து வேலை வாங்கித் தந்தாள். நான் தேதியைத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியாக அந்தக் கம்பெனிக்காரர்கள், திங்கட்கிழமை வந்தால் வேலை, வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். மனைவி அதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள்.

"இந்தத் தடவையும் வரலேன்னா, அப்புறம் வரவே வேணாம்."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. என் தொழிலில் ஒரு சாபக்கேடு உண்டு. கல்யாண நாளா, மகளின் பள்ளிக்கூட விழாவா, சரியாக அன்றைக்குத்தான் எங்கேயாவது யாராவது லிஃப்ட்டில் மாட்டிக்கொள்வார்கள். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்களாம், போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்பேன். சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் உண்மையாகவே இருந்தாலும் ஒருத்தி எத்தனை தடவைதான் கேட்பாள்?

இனி அந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பு மணி அடிக்கிற ஊழியரும் போன பிறகு, முதன்முதலில் பாடம் எடுக்க வந்த பேங்க், தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவர்ப் பொத்தானை அமுக்கி அவரே மணி அடித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனார். அதைப் பார்த்துக் கைதட்டினோம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கூட்டத்தில் யார் எந்தப் பொறுப்பை ஏற்றாலும், வாயால் சொல்ல வேண்டாம், எழுந்து வெளியே போய் நீளமாக மணி அடிக்க வேண்டும். உள்ளே எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். மணி அடித்தவன் பின்வாங்கியதாகச் சரித்திரமே இல்லை.

போகிறேன் என்று சொல்ல நான் எழுந்தபோது மேடையில் இருந்து கல்லூரி முதல்வர் இறங்கி வந்துவிட்டார். அவரும் இங்கே படித்தவர்தான், எனக்கு ரெண்டு வருஷம் மூத்தவர். மற்றவர்கள் முன்னால் மேடம், தனியாக இருந்தால் அக்கா.

"தம்பி, என் ரூம்ல உக்காந்து பேசுவோம், வா" என்றார். "மாடி ஏற முட்டி ஒத்துழைக்காது. லிஃப்ட்லயே போலாம்."

எல்லார் கண்ணும் எங்கள் மேல்தான். அடுத்த வருஷப் பாடத்துக்கு என்னைக் கேட்கப் போகிறார் என்று அரங்கத்துக்கே தெரியும். நானும் நல்லதாகப் போயிற்று, நாலு பேர் முன்னால் சொல்லாமல் தனியாகச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். பைகளை நாற்காலிக்கடியிலேயே விட்டுவிட்டேன். புத்தி!

லிஃப்ட் ரெண்டாவது மாடி தாண்டியதும் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. விளக்கு அணைந்தது. நான் பொருத்திய சின்ன அவசர விளக்கு மட்டும் எரிந்தது.

"கரன்ட் போச்சு" என்றேன். "பயப்படாதீங்கக்கா. குண்டூசி இப்ப ஜெனரேட்டரப் போட்டுடுவான்."

போட்டான். உறுமல் கேட்டது. கீழே அரங்கில் மைக் உயிர் பெற்றது. லிஃப்ட் மட்டும் அசையவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. டீசலைத் தாய்ப்பால் மாதிரி சிக்கனம் பண்ணுகிறவன் அவன். எல்லாரும் அரங்கில்தானே இருக்கிறார்கள், லிஃப்ட்டுக்கு எதற்கு என்று அந்த லைனை மட்டும் தட்டிவிட்டிருக்கிறான். அடப்பாவி!

கதவை இழுத்து விலக்கிப் பார்த்தேன். எதிரே வெறும் செங்கல் சுவர். லிஃப்ட்டின் மேல்மூடியைத் திறக்கிற சாவி கருவிப்பையில், பை அரங்கில். செல்போனில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. மாட்டிக்கொண்டால் பதறாமல் அவசர மணியை அமுக்குங்கள் என்று ஊருக்கெல்லாம் நான்தான் பாடம் எடுப்பேன். அமுக்கினேன். நன்றாக, நீளமாக.

கீழே மைக் பேச்சு நின்றது. பிறகு கைதட்டல்.

அரங்கின் பின்சுவரை ஒட்டித்தான் லிஃப்ட் குழி. அதனால் எல்லாமே எங்களுக்கு அச்சுப்பிசகாமல் கேட்டது. மைக்கில் பேங்க்.

"மணி அடிச்சாச்சு! யாருன்னு நான் சொல்லணுமா? வெளிய போனது ரெண்டே பேரு. மேடம் ஏற்கெனவே பொறுப்புல இருக்காங்க. அப்ப நம்ம லிஃப்ட்டுதான்! அடுத்த வருஷம், கடைசி வருஷத்துலயும் இதே பசங்க அவர் கையில!"

லிஃப்ட்டின் பழைய மணி எரிந்துபோனபோது, கல்லூரி சாமான் அறையில் வகுப்பு மணிக்கு ஜோடியாக வாங்கி வைத்திருந்த இன்னொன்றை எடுத்து, பாட்டரி கொடுத்து, குழிக்குள் மாட்டினவன் நானேதான். ரெண்டுக்கும் ஒரே சத்தம். வீணாகக் கிடக்கிற சாமானைப் பயன்படுத்தினேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

"இல்ல, இல்ல, மாட்டிக்கிட்டோம்!" என்று கத்தினேன். கைதட்டலில் யார் காதில் விழும்? ஆத்திரத்தில் மறுபடியும் மணியை அமுக்கினேன்.

"ரெண்டாவது மணி!" பேங்க்கின் குரல் தழுதழுத்தது. "அடுத்து நாம பேச இருந்தது விடுதிப் பொறுப்பு. அதையும் அவரே ஏத்துக்கிட்டார்! இப்படிப்பட்ட ஆளுங்க இருக்கற வரைக்கும்..."

"தம்பி, அமுக்காத!" அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "இன்னொரு தடவ அமுக்கினா என் நாற்காலியையும் உன் தலைல கட்டிடுவாங்க."

சிரிப்பு வந்தது எனக்கு, அழுகையும் வந்தது. காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட ஒரே ஒரு பொத்தான். அதை அமுக்க அமுக்க இன்னும் இறுகுகிறது. கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, நான் உங்ககிட்ட போறேன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றேன். எல்லாவற்றையும் கொட்டினேன். திங்கட்கிழமை, கம்பெனி, மனைவி சொன்னது, மகள் இப்போதெல்லாம் போனில் என்னிடம் பேச விஷயம் இல்லாமல் "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவது.

அக்கா சுவரைப் பிடித்து மெதுவாக என் எதிரே உட்கார்ந்தார். முட்டி நறநறத்தது.

"நான் ஒரே மாசம்னு வந்தேன்டா" என்றார். "புது முதல்வர் வர்ற வரைக்கும்னாங்க. எங்க வராங்க? ஆளே தேடல."

அதற்குப் பதில் சொல்வதுபோலக் கீழே மைக்கில் நிர்வாகியின் குரல் வந்தது. சண்டை போட்ட சகோதரர்களில் ஜெயித்த அண்ணன்.

"புதுசா ஆள் எடுக்க விளம்பரம் குடுக்கலாம்னு இருந்தோம். உங்களைப் பாத்தப்புறம் அது தேவையில்லேன்னு தோணுது. வெளி ஆளுக்கு வருமா இந்தப் பாசம்?"

பலத்த கைதட்டல். எங்கள் ஆட்கள்தான் தட்டினார்கள், பெருமையாக.

அக்கா முகம் சுண்டிப்போனது. "கேட்டியா? நாம தோள் குடுக்கற வரைக்கும் இவங்க ஒரு துரும்பையும் அசைக்க மாட்டாங்க. நாம விட்டுட்டா நடுவுல நிக்கற புள்ளைங்க நாசமாப் போகும். எப்பிடிப் பாத்தாலும் நம்ம கழுத்துதான்."

லிஃப்ட்டுக்குள் புழுங்கியது. பிறகு அவர் என் முழங்காலில் தட்டினார்.

"நீ போ தம்பி. கீழ போனதும் நானே மைக்கை வாங்கி, அது லிஃப்ட் மணி, அவர் ஒண்ணும் ஏத்துக்கலன்னு சொல்றேன். நான் சொன்னா கேப்பாங்க. நீ சொன்னா உன்னப் பேசிப் பேசியே கரைச்சிடுவாங்க. நான் குடும்பத்தத் தொலைச்சாச்சு, நீயாவது போய்ச் சேரு."

"நெஜமாவாக்கா?"

"நெஜமா."

அந்த நிமிஷம் அவர் காலில் விழுந்திருப்பேன். இடம் போதவில்லை. பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு மகளுக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

கரன்ட் வந்தது. லிஃப்ட் வழக்கம்போல முனகிக்கொண்டு தானாகவே கீழ்த்தளத்துக்கு இறங்கியது. அப்படி இறங்குமாறு வைத்ததும் நான்தான். கதவு திறந்தது.

என்னைத் தேடி வெளியே வந்த அரங்கமே வாசலில் திரண்டு நின்றது. முன்வரிசையில் என் மூன்றாம் வருஷப் பிள்ளைகள். யார் சொன்னார்களோ, எல்லாரும் மெனக்கெட்டுச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றார்கள். வகுப்பில் வாயே திறக்காத பெண் ஒருத்தி, கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பவள், அன்றைக்கு முன்னால் வந்தாள்.

"நீங்க போயிடுவீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க சார்" என்றாள். "நான் வீட்டுக்குப் போய் என்ன சொல்றதுன்னே தெரியாம இருந்தேன். வேற காலேஜ்ல எங்களச் சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க." துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். சொல்லுங்கக்கா, இப்பவே சொல்லுங்க.

நிர்வாகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். ஆனால் கேள்வியை அக்காவிடம் கேட்டார்.

"என்ன மேடம், ரெண்டு தடவையும் நம்ம ஆளுதானே மணி அடிச்சது?"

அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா" என்றார். "அவர்தான் அடிச்சார்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. மறுத்துச் சொல்ல நானும் வாயைத் திறந்தேன். அந்தப் பெண் துப்பட்டாவை விலக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் வாய் திறந்தபடியே நின்றது. குண்டூசி ஓடிவந்து, "உள்ளயாடா இருந்த? யாருமில்லேன்னு நெனச்சு ஹாலுக்கு மட்டும் விட்டேன்டா, மன்னிச்சிரு" என்றான். அதைக் காதில் வாங்க அங்கே யாருக்கும் நேரமில்லை. என்னைத் தோளில் தூக்கலாமா என்று சிலர் ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டைப்பையில் செல்போன் விடாமல் அதிர ஆரம்பித்தது. சிக்னல் வந்துவிட்டது. வாட்ஸப் குழுவில் பேங்க் ஒரு வீடியோ போட்டிருந்தார். அரங்கம் தெரிந்தது, என் மணி நீளமாகக் கேட்டது, எல்லாரும் எழுந்தார்கள். கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள், வாழ்த்துகள். நடுவில் என் மனைவியும் எழுதியிருந்தாள். அவளும் குழுவில் இருக்கிறாள் என்பது எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது.

"வாழ்த்துகள் சார்."

சார். கல்யாணமான நாளிலிருந்து ஒருநாளும் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு, நாற்காலிக்கடியில் இருந்த பைகளைக்கூட எடுக்காமல், தாழ்வாரத்தின் கோடிக்கு ஓடினேன். தலைக்கு மேலே அந்த வகுப்பு மணி தொங்கியது. அவள் எண்ணை அழுத்தினேன். எடுத்தாள். பின்னால் மகள், "யாரும்மா, அப்பாவா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"நான் சொல்றதக் கேளு, தயவுசெஞ்சு வெச்சிடாத" என்றேன். மூச்சு வாங்கியது. "நான் ஒண்ணும் ஏத்துக்கல. சாமி சத்தியமா. நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்."

"இன்னிக்குமா?" என்றாள்.