முனை இல்லாத கல்

மே மாத இரண்டாம் ஞாயிறு, காலை ஏழு மணி. அலபாமா மலைப்பக்கத்தில் அன்றுதான் கல்லறைகளுக்குப் பூ வைப்பார்கள். ஒலேட்டா முப்பாட்டனின் கல் முன்னால் மண்டியிட்டிருந்தாள். தம்பி டெல்மர் தெற்குப் படையின் கொடியோடு பின்னால் நின்றான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குக்காகச் சண்டையிட்டவனுக்குக் கூர்முனைக் கல், வடக்குக்காகச் சண்டையிட்டவனுக்கு உச்சி வளைந்த கல். முப்பாட்டனின் கல் வளைந்திருந்தது. இடி விழுந்து முனை உடைந்துவிட்டதாக வீட்டில் சொல்வார்கள். அவள் படித்த நாவல்களிலும் தெற்கத்தியர் எல்லோரும் ஒரே பக்கம்தான் நின்றார்கள். போன வாரம் படித்த வரலாற்று நூலோ, இந்த மலைக்காரர்கள் பலர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள் என்றது.

அவள் கல்லின் உச்சியைத் தடவினாள். எங்கும் சொரசொரப்பில்லை.

"டேய், இடி விழுந்தா இப்படி இழைச்ச மாதிரியா உடையும்?"

"அக்கா, வடக்கத்தி யாங்கிப் பயலுக மேல உக்காரக் கூடாதுன்னுதான் நம்ம கல்லுக்குக் கூர் வச்சாங்க. முனை போனதும் நீயே யாங்கி ஆயிட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. பாசியைச் சுரண்டினாள். எழுத்துகள் தேய்ந்திருந்தன. அவற்றைச் சுற்றிக் கேடயம் ஒன்று செதுக்கியிருந்தது. வடக்கத்தியர் கல்லில்தான் கேடயம் இருக்கும் என்பது டெல்மருக்கும் தெரியும். அவன் கொடியைச் சுருட்டினான், மறுபடி விரித்தான்.

கீழே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. சொந்தக்காரர்கள் கோழி வறுவலும் பூவுமாக மேடேறி வந்தார்கள்.

"வருஷா வருஷம் தாத்தா வீரத்தைப் பேசுறது நீதானக்கா. இன்னிக்கு எந்தப் படைன்னு சொல்லப்போற?"