ஹார்ன் அடிக்காத வளைவு

1953 நவம்பர் 11, புதன்கிழமை மாலை, மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்துகொண்டிருந்த தனியார் பஸ் ஒன்று கல்மடைவிளை இசக்கி வளைவில் மோதியதில், அவ்வூர் விவசாயி அய்யம்பெருமாளின் மனைவி தாணம்மாள், வயது முப்பத்திரண்டு, அந்த இடத்திலேயே இறந்தாள்.

பஸ்ஸை ஓட்டியவர் குளச்சலைச் சேர்ந்த ஜேசுதாஸ். அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலி.

அந்த வளைவில் சாலை பாறையைச் சுற்றி இறங்கித் திரும்புகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பனங்காடு. திரும்பி முடிக்கிறவரை எதிரே என்ன இருக்கிறதென்று தெரியாது. திரும்பியவுடன் இடப்புறம் ஒரு பூவரச மரமும், அதன் அடியில் இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் மண்ணாலான இசக்கியம்மன் சிலையும் இருந்தன. பிள்ளை வேண்டிக்கொள்ளும் பெண்கள் சின்ன மரத்தொட்டிலைக் கொண்டுவந்து பூவரசங்கிளையில் கட்டிவிட்டுப் போவார்கள். ஒரு கிளை சாலையின் மேலாக நீண்டிருந்தது.

இசக்கியின் இடுப்பில் இருக்கும் பிள்ளை எப்போதும் உறங்குகிறது என்பது கல்மடைவிளைக்காரர்களின் எண்ணம். கொடை விழாவின்போது தவிர அங்கே மேளம் கொட்டுவதில்லை. வண்டிக்காரர்கள் மாட்டின் கழுத்துமணியைக் கையால் பொத்திக்கொண்டு கடப்பார்கள். சாலையில் பஸ் வந்தபோது அந்த வழக்கம் பஸ்ஸுக்கும் வந்தது. மோட்டார் விதிப்படி ஹார்ன் அடித்தே ஆகவேண்டிய இடமும் அதுதான்.

ஜேசுதாஸுக்கு அது முதலில் தெரியாது. இரண்டு வருடங்களுக்கு முன் இந்தத் தடத்துக்கு வந்த புதிதில், வளைவில் ரப்பர் பந்தை நன்றாக அழுத்தி ஹார்ன் அடித்தார். மறுநாளும் அடித்தார். அதற்கு அடுத்த நாள் அய்யம்பெருமாளும் இன்னும் சிலரும் சாலையை மறித்து நின்றார்கள்.

"வேய், கீழ இறங்கும்."

"என்ன காரியம்?"

"பிள்ளை உறங்குகு. ஒம்ம வீட்ல பிள்ளை குட்டி இல்லியா?"

"எந்தப் பிள்ளை?"

அய்யம்பெருமாள் மரத்தடியைக் காட்டினார். பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். சிரித்தவனை ஒருவர் ஜன்னல் வழியாகவே எட்டிச் சட்டையைப் பிடித்தார். கண்டக்டர் செல்வதாஸ் குதித்து இறங்கி நடுவில் நின்றான்.

"அண்ணாச்சி, மன்னிக்கணும். நாங்க வேதக்காரங்க. எங்க கோயில்ல மணியடிச்சு எழுப்புவோம். இங்க தாலாட்டி உறக்குவீங்கன்னு இவருக்கு யாரும் சொல்லல."

"இப்பம் சொல்லியாச்சில்லா?"

"சொல்லியாச்சு. இனி இவரு தும்முனாக்கூட அந்தப் பக்கம் போயித்தான் தும்முவாரு."

அடுத்த நாள் ஜேசுதாஸ் சிவப்புப் பட்டும் கண்ணாடி வளையலும் வாங்கிவந்து மரத்தடியில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியாரிடம் அதைச் சொல்லவில்லை. அதன்பிறகு அந்த இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு, ஹார்னைத் தொடாமல், வண்டியை உருளவிட்டுக் கடந்தார். பூனை மாதிரி போகிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தாணம்மாள் சந்தைக்குப் போக பஸ் ஏறும்போதெல்லாம் அவரைப் பார்த்து ஒரே வார்த்தையைச் சொல்வாள்.

"டிரைவரண்ணே, இன்னிக்கும் பிள்ளை முழிக்கல, கேட்டியளா?"

அவளுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன.

சம்பவத்துக்கு மறுநாள் பஸ்ஸைப் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் நிறுத்தி மோட்டார் வாகன ஆய்வாளர் சோதித்தார். ஜேசுதாஸ் கையைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். ஆய்வாளர் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வெளியே கையை நீட்டி ரப்பர் பந்தை அழுத்தினார்.

முற்றம் முழுக்க ஹார்ன் ஒலித்தது. ஸ்டேஷன் வாசலில் இருந்த காக்கைகள் எழும்பின. ஜேசுதாஸ் சட்டென்று சாலைப் பக்கம் திரும்பினார். சாலையில் யாரோ திரும்பிப் பார்க்கிறார்களா என்று தேடுகிறவரைப் போல அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒருவரும் இல்லை.

"ஹாரன் நல்லாத்தான் இருக்கு" என்றார் ஆய்வாளர். "அடிச்சியா?"

ஜேசுதாஸ் இன்னும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் பிரேக் சரி, ஹார்ன் சரி என்று எழுதிக்கொண்டு போனார்.

இந்தியத் தண்டனைச் சட்டம் 304-ஏ பிரிவின்படி வழக்குப் பதிவாயிற்று. கண்மூடித்தனமாகவோ அசட்டையாகவோ செய்த செயலால் ஒருவருக்கு மரணம் நேர்ந்தால் இரண்டு வருடம் வரை சிறை. ஜேசுதாஸ் ஜாமீனில் வெளியே வந்தார். லைசென்ஸ் கோர்ட்டில் இருந்தது. குளச்சலில் வீட்டிலேயே இருந்தார்.

அவர் மனைவி குளோரி முதலில் கவனித்தது அவருடைய வலது கையை. பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை ஒரு பந்தைப் பிடித்ததுபோல் பாதி மூடும். மூடி அழுத்தாமல் அப்படியே நிற்கும். சாப்பிடும்போது சோற்றுக்கு மேலே கை அப்படி நின்றதைப் பார்த்து அவள் ஒருநாள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டாள்.

பிறகு இன்னொன்று தொடங்கியது. முற்றத்துக் கொடியில் அவள் துணி காயப்போடும்போது இரண்டு கைகளும் மேலே இருக்கும், முதுகு வாசல் பக்கம் இருக்கும்.

"ஏட்டி, திரும்பு."

"என்னத்துக்கு?"

"திரும்பிப் பாரு."

அவள் திரும்பினாள். மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாள் அவள் ஈரத்துணியோடு வந்து முன்னால் நின்றாள்.

"தினமும் என்னத்தைப் பாக்கியோ? எம் மூஞ்சி மாறிப்போச்சா?"

"நீ திரும்புகியான்னு பாத்தேன்."

"கூப்பிட்டா திரும்பாம எங்க போவேன்? பிராந்து பிடிச்சுக் கெடக்கியோ மனுஷா?"

"கூப்பிடணும். அதான்" என்றார் ஜேசுதாஸ்.

குளோரி அன்று முதல் கொடியை இரண்டு தென்னைகளுக்கு நடுவே மாற்றிக் கட்டி, வாசலைப் பார்த்தபடி நின்று துணி காயப்போட்டாள். அது உதவவில்லை. மீன் ஏலம் நடக்கும் கடற்கரையிலும் குளச்சல் கடைவீதியிலும் முதுகு காட்டி நின்ற பெண்களுக்குப் பின்னால் அவர் போய் நின்றுவிடுவார். யாராவது திரும்பி, என்ன வேண்டும் என்று அதட்டினால் நிம்மதியாக நகர்ந்து போவார்.

வழக்கை கிருஷ்ணமணி வக்கீல் எடுத்துக்கொண்டார். நாகர்கோவில் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் மாடியறை. அங்கே வைத்து ஜேசுதாஸிடம் சட்டத்தை விளக்கினார்.

"பிரிவுல ரெண்டு வார்த்தை உண்டு. ஒண்ணு கண்மூடித்தனம். நீ வேகமாப் போனியா? போகல. பஸ்ஸில இருந்தவன் எல்லாரும் அதைச் சொல்லுவான். மத்தது அசட்டை. வளைவில ஹாரன் அடிச்சியா?"

"அடிக்கல சார்."

"அடிச்சேன்னு சொல்லு. அசட்டையும் போச்சு."

"ஊர்க்காரங்கதான் அடிக்கப்பிடாதுன்னு..."

"அதைச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? மாஜிஸ்ட்ரேட் ஊரைப் பிடிச்சு உள்ள போட மாட்டாரு. உன்னைத்தான் போடுவாரு. வழக்கம் வேற, மோட்டார் விதி வேற. நீ லைசென்ஸ் வாங்கினது சர்க்கார்ட்ட. இசக்கிகிட்ட இல்ல."

செல்வதாஸ் கதவோரம் நின்றிருந்தான். "அவகிட்ட வாங்கியிருந்தா ரத்து பண்ண ஆளிருக்காது சார்" என்றான். வக்கீல் சிரித்தார். ஜேசுதாஸ் சிரிக்கவில்லை.

"அய்யம்பெருமாள் அண்ணாச்சி அங்கதான் நின்னாரு. எல்லாம் பாத்தாரு. நான் அடிக்கலன்னு அவரு சொல்லுவாரே" என்றார் ஜேசுதாஸ்.

"சொல்ல மாட்டாரு" என்றார் வக்கீல். "உள்ள வாரும் அய்யம்பெருமாள்."

பக்கத்து அறையிலிருந்து அய்யம்பெருமாள் வந்தார். மொட்டையடித்த தலையில் முடி கட்டையாக முளைத்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நீரு அடிச்சேருன்னு சொல்லும்" என்றார். "நானும் அப்படித்தான் சொல்லப்போறேன்."

"அடிச்சா அவங்க விலகியிருப்பாங்களே?"

"கேக்கலன்னு சொல்லுவோம்."

"தங்கச்சிக்கு காது நல்லாக் கேக்குமே அண்ணாச்சி."

"எனக்குத் தெரியாதா வேய்? பன்னெண்டு வருஷம் கூட இருந்தவன்." அவர் குரல் உயர்ந்து உடனே தாழ்ந்தது. "அவ கவனிக்காம நின்னா. அவ்வளவுதான். ஹாரன் அடிக்கலன்னு சொன்னா, ஏன் அடிக்கலன்னு கேப்பான். யாரு தடுத்தான்னு கேப்பான். அம்மைய கோர்ட்டில நிறுத்தி நாலுபேரு சிரிக்கணுமா? ஒமக்கும் விடுதலை. எனக்கும் கேள்வி இல்ல. செத்தவளுக்கு இதில என்ன நட்டம்?"

அய்யம்பெருமாள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். ஜேசுதாஸின் வலது கை மடியில் பாதி மூடியிருந்தது.

அன்று மத்தியானம் ஜேசுதாஸ் குளச்சலுக்குப் போகாமல் மயிலாடி சாலையில் நடந்தார். நல்ல வெயில். வளைவை அடைந்ததும் பாறையோரம் நின்று பார்த்தார். பூவரசங்கிளையில் நிறையத் தொட்டில்கள். சாலைக்கு மேலே நீண்ட கிளையில் ஒரு தொட்டில் மட்டும் ஒரு முனையில் கட்டப்பட்டு, மறுமுனை அவிழ்ந்து, செங்குத்தாகத் தொங்கியது. மூன்று மாதமாக அதை யாரும் தொடவில்லை. எடுக்கக்கூடாது, கட்டவும் கூடாது என்று ஊரில் முடிவாகியிருந்தது. தாணம்மாள் இப்போது இசக்கியோடு சேர்ந்துவிட்டாள் என்று சிலர் சொன்னார்கள். காற்று இல்லாதபோதும் அது ஆடுகிறது என்று சொன்னார்கள். ஜேசுதாஸ் நின்ற நேரத்தில் அது ஆடவில்லை.

மயிலாடியிலிருந்து ஒரு பஸ் வந்தது. சத்தமில்லாமல் உருண்டு அவரைக் கடந்து போனது. அது பக்கத்தில் வரும்வரை அவருக்கும் கேட்கவில்லை.

1954 பிப்ரவரியில் விசாரணை நடந்தது. மாஜிஸ்ட்ரேட் கொல்லம் பக்கத்துக்காரர். தமிழ் புரியும், கேள்வி மலையாளத்தில் கேட்பார். அய்யம்பெருமாள் அரசுத் தரப்பின் முதல் சாட்சி. கூண்டில் ஏறி, பஸ் மெதுவாக வந்தது, டிரைவர் ஹார்ன் அடித்தார், என் மனைவி கவனிக்கவில்லை என்றார். போலீஸில் வேறுவிதமாகச் சொன்னாயே என்று அரசு வக்கீல் அதட்டினார். அப்போது மனம் சரியில்லை என்றார். செல்வதாஸும் ஹார்ன் அடித்ததாகச் சொன்னான். பயணிகள் இருவரும் அப்படியே சொன்னார்கள். அரசு வக்கீல் வழக்குக் கட்டை மூடி வைத்துவிட்டார்.

சாட்சிகள் முடிந்ததும் மாஜிஸ்ட்ரேட் குற்றவாளிக் கூண்டைப் பார்த்தார். சாட்சிகள் எல்லாரும் நீ ஹார்ன் அடித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள், இறந்த பெண் கேட்டும் விலகவில்லை என்கிறார்கள், நீ சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார். கிருஷ்ணமணி வக்கீல், அடித்தேன் என்று சொல்லிவிடு என்பதுபோல் ஜேசுதாஸைப் பார்த்துத் தலையசைத்தார்.

அய்யம்பெருமாள் ஜன்னலருகே, வெளியே பார்த்தபடி, கூண்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

ஜேசுதாஸ் அந்த முதுகையே பார்த்தார்.

"ஹாரன் அடிக்கல எஜமான்" என்றார்.

வக்கீல் எழுந்தார். மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

"வளைவு திரும்பின உடனே அவங்களைக் கண்டேன். முதுகுதான் தெரிஞ்சுது. ரெண்டு கையையும் தூக்கித் தொட்டில் கட்டிக்கிட்டு நின்னாங்க. ஒரு முனை கட்டியாச்சு. மறுமுனையைக் கட்டினதும் திரும்புவாங்கன்னு நெனச்சேன். எங் கையி ஹாரன்மேல இருந்துது. பந்தைப் பிடிச்சிட்டேன். அழுத்தல. நியூட்ரல்ல வந்ததால சத்தம் இல்ல. பிறகு பிரேக்கு போட்டேன். ரோடு நனைஞ்சு கெடந்துது. பின்பக்கம் சறுக்கிப் போயி அடிச்சுது."

"ஏன் அழுத்தவில்லை?"

"அங்க அடிக்கக்கூடாதுன்னு வழக்கம்."

"யார் சொன்னது?"

ஜேசுதாஸ் மறுபடியும் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலருகே நின்ற முதுகு அசையவில்லை.

"யாரும் சொல்லல. நானாப் பழகிக்கிட்டேன்" என்றார். "அவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும் எஜமான். அடிச்சிருந்தா திரும்பியிருப்பாங்க. அதை எழுதணும்."

மாஜிஸ்ட்ரேட் எழுதினார். கோர்ட் வராந்தாவில் செல்வதாஸ் வக்கீலின் பின்னாலேயே ஓடி, "பொய் சொன்னதுக்கு எங்களைப் பிடிப்பாங்களா சார்?" என்று கேட்டான். வக்கீல் தெருவைக் கடந்து தன் மாடியறைக்கு ஏறிப் போனார். அய்யம்பெருமாள் மயிலாடி பஸ்ஸில் ஏறாமல், ஊர்வரை நடந்தே போனார்.

அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. ஆறு மாதம் கடுங்காவல். லைசென்ஸ் ரத்து. எந்த ஊர் வழக்கமும் வளைவில் எச்சரிக்கை ஒலி எழுப்பும் கடமையை நீக்காது என்றும், இறந்தவர் பக்கம் கவனக்குறைவு எதுவும் இல்லை என்றும் தீர்ப்பில் இருந்தது.

பங்குனியில் மராமத்து இலாகா அந்த வளைவில், ஹார்ன் அடிக்கவும் என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை ஒன்றை நட்டது. கொடைக்கு மறுநாள் பலகையின் மேல் சிவப்புப் பட்டு சுற்றப்பட்டிருந்தது. சாலைக்கு மேலிருந்த தொட்டிலின் மறுமுனையை யாரோ கட்டியிருந்தார்கள்.

பஸ்கள் அங்கே ஹார்ன் அடிக்காமல் போயின.