கட்டியாச்சு

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றபடி தம்பிக்காரன் ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தான். தட்டி எழுத அவனுக்கு எப்போதுமே பொறுமை கிடையாது. வாயால் சொன்னான், ஃபோன் எழுதிக்கொண்டது.

"அக்கா, பயப்படாத. மாமாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது. ஈரலுக்குப் போற ரத்தக்குழாய கட்டியாச்சு. ரத்தம் நின்னுடுச்சு."

படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டான். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். ஃபோனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.

மாமா என்றால் அக்கா புருஷன். அக்காவை ஊரில் விட்டுவிட்டு இங்கே பிழைக்க வந்தவர், தம்பிக்காரனோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டுகிற வேலை. சாரத்தில் கால் வழுக்கி, வலது விலா இரும்புக் குழாயில் போய் மோதியது. ஈரல் கிழிந்து, தைத்துப் பார்த்தும் ரத்தம் நிற்கவில்லை. கடைசியில் ஈரலுக்கு வருகிற தமனியையே கட்டிவிட்டார் டாக்டர்.

வெளியே வந்து ஃபோனைத் திறந்தால் அக்காவின் அழைப்புகள் வரிசை கட்டி நின்றன. திரும்பக் கூப்பிட்டான்.

"கட்டின்னு போட்டிருக்கியே, புத்துநோயாடா?" அழுதழுது அவள் குரல் கம்மியிருந்தது. "அடிபட்டுத்தானே விழுந்தாரு?"

அனுப்பியதை அப்போதுதான் படித்தான். 'ரத்தக்குழாயில் கட்டி ஆச்சு. ரத்தம் நின்னுடுச்சு.'

"கட்டி இல்லக்கா. கட்டி… யாச்சு. நூல் போட்டு முடிச்சுப் போட்டாச்சு. ஃபோன் தப்பா எழுதிடுச்சு."

"அப்போ ஃபோனையே அங்க அனுப்பியிருக்கலாமே. உன்னை எதுக்குடா அனுப்பினோம்?"

திட்டு வாங்கியதில் இருவருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்:

"ரத்தத்தைக் கட்டிட்டா ஈரல் பட்டினி கிடக்காதா?"

அது அவனுக்குத் தோன்றவே இல்லை. "கேட்டுச் சொல்றேன்க்கா," என்றான்.

டாக்டர் சுவரில் சாய்ந்து நின்று நிதானமாகச் சொன்னார். ஈரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. கட்டியது தமனியை. குடலிலிருந்து வருகிற பெரிய சிரை திறந்துதான் இருக்கிறது. பெரும்பங்கு ரத்தம் அது வழியாகத்தான். அதில் பிராணவாயு குறைவு, ஆனாலும் ஈரல் அதையே பிழிந்து எடுத்துக்கொள்ளும். சில நாள் காய்ச்சல் அடிக்கும், ரத்தச் சோதனை எண்கள் ஏறும், கண் மஞ்சளாகலாம். அக்கம்பக்கத்துச் சின்னக் குழாய்கள் மெல்ல வழி திறக்கும். பித்தக்குழாய்தான் கவலை, அது தமனியை மட்டுமே நம்பி இருப்பது. ஏற்கெனவே கெட்டுப்போன ஈரலாக இருந்தால் தாங்காது.

"குடிப்பழக்கம் உண்டா?"

"டீ மட்டும்தான் டாக்டர். அதுவும் நான் போட்டுக் குடுத்தா."

இந்த முறை ஃபோனை எழுதவிடாமல் அக்காவைக் கூப்பிட்டு, பயத்தையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அவனுக்குப் பார்சல் கொண்டு கொடுக்கிற வேலை. அந்தப் பாஷைதான் வாயில் வந்தது. "மெயின் ரோட்டை மூடிட்டாங்கக்கா. சரக்கு இன்னொரு ரோட்டுல வருது. கொஞ்ச நாள் நெரிசலாத்தான் இருக்கும்."

"ஓட்டிட்டு வர்றது நீ இல்லையே? அப்போ வந்து சேந்துடும்."

ஆனால் எண்கள் ஏறின. மறுநாள் இன்னும் ஏறின. டாக்டர் சொன்னபடிதான் நடக்கிறது என்று மூளைக்குத் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை. மாமாவின் வெள்ளை விழியில் மஞ்சள் படர்ந்ததைப் பார்த்த அன்று, ஒரே தெருவில் பார்சல்களை வீடு மாற்றி வீடு கொடுத்துத் திட்டு வாங்கினான். அறைக்குத் திரும்பினால், ஆணியில் மாமாவின் தலைக்கவசம் தொங்கியது. பழக்கத்தில் இரண்டு பேருக்கு டீ போட்டுவிட்டு, இரண்டையும் அவனே குடித்தான்.

அப்புறம் ஒரு காலையில் நர்ஸ் அவனைப் பார்த்ததும் கட்டைவிரலைக் கீழே காட்டினாள். அவனுக்கு உயிரே போய்விட்டது. "எண்ணைச் சொன்னேன்," என்று அவள் சிரித்தாள். "இறங்கிடுச்சு." காய்ச்சலும் விட்டிருந்தது. ஸ்கேனில் பித்தக்குழாய் இதுவரை நன்றாக இருக்கிறது, இனியும் கவனிப்போம் என்றார் டாக்டர். ஈரலின் ஓரத்தில் மெல்லிய புது ஓட்டம் ஒன்று தெரிந்தது.

மாமா கண் திறந்து படுத்திருந்தார். "மாப்ள, டீ எங்கடா?"

தம்பிக்காரன் அக்காவைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டான்.

"கட்டினவரு எப்படிடா இருக்காரு?"

"டாக்டரா? நல்லா இருக்காருக்கா. இப்பதான் வந்துட்டுப் போனாரு."

"மக்கு. என்னைக் கட்டினவரு."

மாமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதீங்கப்பா. கட்டுனது அவுந்துடப் போகுது."

அந்தக் குரலைக் கேட்டதும் அக்கா அழுதுவிட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"அதெல்லாம் அவுராது."